ஒரு கல்லில் ஏழு வடசேரி

கல்லுக்குத் தெரிந்தது இரண்டே காரியம்.
எண்ணெயைக் குடிக்கும்,
இல்லையென்றால் தண்ணீரைக் குடிக்கும்.
மிச்சமெல்லாம் நான் செய்கிற கூத்து.

கோட்டாறில் ஒரு வீட்டுக் கிணற்றடியில்
துணி துவைத்துக்கொண்டிருந்தது இந்தக் கல்.
சவுக்காரம் போகத் தேய்த்தபோது
அடியிலிருந்து மங்கலாய் எழும்பி வந்தது
எப்போதோ அச்சடித்த புகையிலை லேபிள்:
ஒரு கிளி, பாதி வால்.
கிளியை மணல் போட்டு அரைத்தேன்.
அது இருந்த இடத்தில்
வடசேரி பஸ் ஸ்டாண்டு வாசல்.

ஏழு நிறத்துக்கு ஏழு கல் வேண்டும்.
என்னிடம் ஒன்று.
மஞ்சளை வரைந்து, பதினோரு தாளில் ஒற்றி,
மஞ்சளை அரைத்து அழித்து,
அதன் மேலேயே சிவப்பு.
சிவப்பும் அழிந்த பிறகு நீலம்.
போன நிறத்துக்குத் திரும்ப வழி கிடையாது.
மட்டிக்குலையின் மஞ்சள் ஒரு நூல் நகர்ந்து
போக்குவரத்து ஏட்டின் தொப்பியில் விழுந்தது
ஐந்தாம் நிறத்தில்தான் கண்ணில் பட்டது.
விட்டுவிட்டேன்.
பழுத்த தொப்பியோடு
கை காட்டிக்கொண்டே நிற்கிறார்.

கறுப்பு கடைசி.
ஆனிச் சாரலுக்கு விரிந்த குடைகள்,
ரோட்டில் டீசல் படர்ந்த ஈரம்,
சாவி செய்கிற சகாயதாசின் பெட்டிக்குக் கீழே
சுருண்டிருக்கும் நாய்க்கு ஒரு கோடு,
அப்புறம் எழுத்துகள்.
கல்லில் எழுத்தைத் திருப்பி எழுத வேண்டும்.
சே-க்கு முன்னால் நிற்கிற கொம்பைப்
பின்னால் நிறுத்தி, முகத்தையும் திருப்பிவைக்க
ஒரு ராத்திரி முழுக்கப் போயிற்று.
தாளில் வடசேரி வடசேரியாகவே வந்தது.
தக்கலை வழி மார்த்தாண்டம் என்று
பஸ் நெற்றியிலும் தப்பில்லை.

எழுத்தைத் திருப்பியவள்
ஆட்களைத் திருப்ப மறந்திருந்தேன்.

சொன்னது பீர்கண்ணு.
தாளைத் தூக்கிப் பிடித்து, கண்ணாடியை இறக்கி,
"ஏம் பிள்ளே,
நான் என்னைக்கு பீச்சாங்கையால சாயா ஆத்தினேன்?
எவனாவது குடிப்பானா?"
பிறகுதான் எல்லாம் தெரிந்தது.
பஸ் எதிர்ப்பக்கம் ஓடுகிறது.
ஏட்டு இடக்கையால் சல்யூட் வைக்கிறார்.
சகாயதாசின் அரம் இடக்கையில்.
ஒரு ஊரே ஒரு மழையில் கை மாறிவிட்டது.

அடுத்த நாள் போனால்
படம் சாயாக்கடையில் இல்லை.
பக்கத்துச் சலூனில்,
பெரிய கண்ணாடிக்கு நேர் எதிர்ச் சுவரில்
ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார்.
"இப்பம் கண்ணாடிக்குள்ள பாரு."
பார்த்தேன். வலக்கையால் ஆற்றுகிறார்.
நுரை நீளமாக, வெள்ளைத் தாளின் சொந்த வெள்ளையில்.
ஆட்கள் சரியாகிவிட்டார்கள், போர்டுதான் தலைகீழ்.
"போர்டை யாரு படிக்கா," என்றார்,
"ஊரு எங்க இருக்குன்னு பஸ்ஸுக்குத் தெரியும்."

பூக்காரி கோலம்மை சலூனுக்குள் வரவில்லை.
வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தாள்.
முகத்தில் பாதி சோப்போடு ஒருவர்
தலையை ஒதுக்கி வழிவிட்டார்.
அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை,
சுவரிலிருந்த படத்தை.

மூன்றாம் வகுப்பில் ஸ்கேலால் அடித்தும்
கல்யாணப் பந்தியில் முறைத்தும்
யாராலும் மாற்ற முடியாத அவள் இடக்கை
அதில் நாரைப் பிடித்துச் சும்மா இருந்தது.
வலக்கை பிச்சியைக் கட்டிக்கொண்டிருந்தது.

"கொள்ளாம்," என்றாள்.
கொஞ்சம் கழித்து, "நல்ல பிள்ளை மாதிரி இருக்கேன்."

அது சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை.
பதினோராவது தாளை வேண்டுமா என்று கேட்டேன்.
வீட்டில் சுவர் ஈரம், வேண்டாம் என்றாள்.
கூடைக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து
இடக்கையால் முடிச்சுப் போட்டாள், வேகமாக,
விரலைப் பார்க்காமலே.
மார்த்தாண்டம் பஸ் தன் பக்கத்தில் வந்து நின்றது.

கல்லை இன்று மறுபடி அரைக்கிறேன்.
கறுப்பு பாலாகிக் கரைந்து போகிறது,
குடைகள், நாய், கொம்பு.
நனைத்துச் சாய்த்துப் பார்த்தால்
இன்னும் இருக்கிறது
கிளியின் பாதி வால்.