ஐந்தரை கிலோ

மயிலாடுதுறைக் கடையில்
பையன் ஒரே சொடுக்கில் மடித்துக் காட்டினான்.
"ஐந்தரை கிலோதான்க்கா,
ஃபிளைட்லயே ஏத்தலாம்."

எனக்கு ஃபிளைட் இல்லை தம்பி.
பூம்புகார் போகிற டவுன் பஸ்,
படி முழங்கால் உயரம்.
இடுப்பில் யாழிசை, ஒன்பது கிலோ.
இன்பனை எடைபோட முடியாது,
விரலை விட்டால் ஓடுவான்.

"ஒரு கையால் மடிக்க வருமா?
இடக்கையால்?"

வலக்கையை முதுகில் வைத்துக்கொண்டு முயன்றான்,
விரல் நசுங்கியதும்
கல்லாப் பக்கம் பார்த்துச் சிரித்தான்.

பெரிய சக்கரம் வைத்தது ஒன்று இருந்தது,
வாய்க்கால் கரையிலும் உருளுமாம்.
எட்டரை கிலோ.
சின்னச் சக்கரமோ
எங்கள் தெருக் கப்பியில் சிக்கி நிற்கும்.
தூக்கவா உருட்டவா
என்று வெகுநேரம் நின்றேன்.
இன்பன் அதற்குள் மூன்று வண்டிகளில்
ஏறி இறங்கிவிட்டான்.

தூக்குவதையே எடுத்தேன்.

"இதுக்கு லக்கேஜ் போடணுமே" என்ற கண்டக்டர்
யாழிசை அவர் விசிலைப் பிடுங்கியதில்
மறந்துபோனார்.

செம்பனார்கோயிலில் இறங்கி விரித்தேன்.
அவள் உட்காரவில்லை.
ஒரு சீப்பு பூவன்பழமும்
இன்பனின் அறுந்த செருப்பும் உட்கார்ந்தன.

நாற்று நட்ட வயலோரம்
அவன் வெறுங்காலோடு தள்ளிப் போகிறான்,
ஒரு சக்கரம் மட்டும் கிறீச்சிட.
என் இடுப்பில்
அதே ஒன்பது கிலோ,
இப்போது தூங்குவதால்
கொஞ்சம் கூட.