வெள்ளைக்கல் மேடு, காலை ஐந்தே முக்கால்

சேலத்துப் பனிக்கு
சைக்கிள் சீட்டை நனைக்கத்தான் தெரியும்.
இங்கே வெளுத்துக் கிடப்பது வேறு:
மூடிய சுரங்கத்தின் வெள்ளைக்கல் மாவு.
லாரி நின்று ஆறு வருஷம்.
காற்று மட்டும் இன்னும் சலித்துக்கொண்டிருக்கிறது.

ஒரு தடவை சினிமாக்காரர்கள் வந்தார்கள்.
சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்ட பெண்ணிடம்
இதுதான் காஷ்மீர் என்றார்கள்.
அவள் நன்றாகவே நடுங்கினாள்.
கட் என்றதும் மோர் கேட்டாள்.

நான் காவல்.
எட்டு மணிக்குள் வேலியோரம் ஒரு சுற்று சுற்றி
இரவில் யார் வந்தது, என்ன போனது என்று
பதிவேட்டில் எழுத வேண்டும்.
முதல் மாதம் முழுக்க
யாரும் வரவில்லை என்று எழுதினேன்.
பிறகு கண் பழகிற்று.

முயல் பொய் சொல்லும்.
முன்னால் விழுந்திருக்கும் பெரிய சோடிதான் பின்னங்கால்.
தெரியாதவன் அது வந்த திசையில் போய்த் தேடுவான்.
நரி ஒரே கோடு, தச்சன் நூல் பிடித்த மாதிரி.
ஆண்மயில் காலைவிடத் தோகையால் அதிகம் எழுதும்,
ஆடி முடிந்தால் அதுவும் இல்லை.
முள்ளம்பன்றி
துடைப்பத்தை இழுத்துக்கொண்டே நடக்கிறது,
தன் தடத்தைத் தானே பாதி அழித்தபடி.

தப்பாகவும் வாசித்திருக்கிறேன்.
மூன்று நாள் ஏதோ புதுப் பறவை என்று எழுதினேன்.
நாலாம் நாள் நிமிர்ந்து பார்த்தால்
மேலே மின்கம்பி.
சொட்டியது பனி.

குழியில் தேங்கிய பச்சைத் தண்ணீருக்கு
பங்குனியில் ஏற்காட்டு மலையே இறங்கி வரும்.
மேலே காப்பித் தோட்டத்துச் செம்மண்
சில குளம்புகளில் ஒட்டி வந்து
வெள்ளையில் துளித்துளியாய் உதிர்ந்திருக்கும்,
யாரோ வெற்றிலை மென்று
வழியெல்லாம் துப்பிப் போன மாதிரி.

போன வாரம் சூப்பர்வைசர் தனசீலன்
பைக்கை விட்டு இறங்காமலே கத்தினார்:
"சிறுத்தைய்யா அது!"
குனிந்து பார்த்தேன்.
"நகம் பதிஞ்சிருக்கு சார்.
சிறுத்தை நகத்தை உள்ளே வச்சுக்கிட்டுத்தான் நடக்கும்.
இது டீக்கடை நாய்."
அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இன்று வடக்கு வேலியில், கம்பி தளர்ந்த இடத்தில்,
வெறுங்கால்.
போகும்போது மேலோட்டம்.
திரும்பும்போது குதிகால் ஆழம்,
தலையில் முப்பது கிலோவாவது இருக்கும்.
பாதி வழியில் நின்றிருக்கிறது,
காலை மாற்றி மாற்றி ஊன்றி.
மூச்சு வாங்கியிருக்கும்.
இடது காலில் நான்கு விரல்.

அந்த நான்கு விரலை எனக்குத் தெரியும்.
பதிவேட்டின் பழைய தொகுதியில்
என் கையெழுத்தில்தான் இருக்கிறது:
"டிராலி ஏறியது. எல்லாயி, கல் பொறுக்குபவர். சிறு காயம்."
சிறு காயம் என்று எழுதச் சொன்னார்கள்.
சுண்டுவிரலைத் தாளில் மடித்து
அவள் கையிலேயே கொடுத்தார்கள்.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று
நானும் கேட்கவில்லை.

ஒரு மூட்டைக் கல்லுக்கு என்ன கொடுப்பார்கள்,
நூறா, நூற்றிருபதா.

ஆவாரங்கிளை ஒன்று ஒடித்தேன்.
வேலியிலிருந்து குழிவரை
இழுத்துக்கொண்டே நடந்தேன்.
திரும்பிப் பார்த்தால்
கூட்டிய இடம் கூட்டிய இடமாகவே தெரிகிறது,
ஓரமெல்லாம் என் பூட்ஸ்.
வாசிக்கத் தெரிந்தவனுக்கு
இதைவிடப் பெரிய எழுத்து வேண்டாம்.
தனசீலனுக்குத் தெரியாது.
கம்பியை முறுக்காமல் வந்துவிட்டேன்.

எழுதினேன்:
முயல் இரண்டு. நரி ஒன்று. மயில்.
முள்ளம்பன்றி ஒன்று,
பெரியது.