அறுபதுக்குக் கீழே

புர்க்டோர்ஃப் ரயிலடிக்குப் பின்னால் உள்ள கராஜில்
ஸ்பிண்டன் என் முன்னே விரித்த தாள்கள் பதினேழு.
காப்பியோடு இரண்டு சீனிக்கட்டியும் வைத்தார்.
மூன்று வருடம் ஓடிய வண்டி. சாம்பல் நிறம்.
உயரமான இருக்கை,
என் முழங்காலுக்கு அதுவே போதும் என்றிருந்தேன்.

ஆஸ்பத்திரிச் சலவையில் பத்தொன்பது வருடம்.
துணி சொல்வதை நான் கேட்பதில்லை,
உள்மடிப்பில் தைத்த சீட்டைத்தான் வாசிப்பேன்.
முன்கண்ணாடியில் பெரிதாக ஒட்டியிருந்தது:
பற்றரிக்கு எட்டு வருட உத்தரவாதம்.
பதினோராம் பக்கத்தின் அடியில்
எறும்பு ஊர்ந்த எழுத்தில் வேறு கதை.
அந்த எட்டு வருடம் உயர் மின்னழுத்தப் பற்றரிக்கு.
உயரம் அறுபது வோல்ட்டில் தொடங்குகிறதாம்.
இது நாற்பத்தெட்டு.

எனக்கும் நாற்பத்தெட்டு.
சிரிப்பு வந்தது, காப்பிக்குள் விட்டேன்.

"அப்படியென்றால் இது?"
"சாதாரண உதிரிப்பாகம். மழை துடைப்பான் மாதிரி."
"துடைப்பான் என்ன விலை?"
"முப்பது பிராங்."
"இது?"
கணினித் திரையைத் தன் பக்கம் திருப்பினார்.
தட்டினார். மறுபடி தட்டினார்.
இரண்டாயிரத்து அறுநூறு. கூலி வேறு.

இருக்கைக்கு அடியில், பிஸ்கட் டின் அளவில் கிடக்கிறது.
தனியே வண்டியை ஓரடியும் நகர்த்தாது.
புறப்படும்போது முதுகில் கை வைத்துத் தள்ளும்,
அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.
அந்தக் கை ஓய்ந்தால் வண்டி வழியில் நிற்குமா?
"நான் பார்த்ததே இல்லை" என்றார்.
அவர் தோளுக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர்,
அதற்கப்பால் இதே சாம்பலில் இன்னொன்று
வாய் பிளந்து நின்றது.
"அது மென்பொருள்" என்றார்,
நான் கேட்குமுன்பே.

வெளியே, டயர் அடுக்கின் மேல் அமர்ந்து
சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள் மெக்கானிக் மிர்யெட்டா.
"தினமும் எவ்வளவு ஓடுவீர்கள்?"
நாலு கிலோமீட்டர் போக, நாலு வர.
புகையை மறுபக்கம் ஊதினாள்.
"நாலில் இது கண் விழிக்கவே மாட்டாது.
குளிரில் எழுப்பிக் குளிரிலேயே படுக்கப் போடுவீர்கள்.
ஒரு காலை மஞ்சள் விளக்கு,
மறுநாள் எந்த விளக்கும் இல்லை.
ஞாயிறுகளில் மலைப்பக்கம் கொண்டுபோங்கள்.
நாற்பது நிமிடம். நிறுத்தாமல்."

வாகீசனுக்கு பிஸ்கட் ஆலையில் இரவு வேலை, எனக்குப் பகல்.
கதவடியில் சந்திப்போம்:
சோறு பானையில், சாவி கொக்கியில், பல் வைத்தியர் பில் வந்திருக்கு.
எங்கள் பேச்சும் நாலு கிலோமீட்டர்தான்.
இதை மிர்யெட்டாவிடம் சொல்லவில்லை.

உள்ளே போய்ப் பேனை கேட்டேன்.
பதினோராம் பக்க ஓரத்தில், என் கோணல் ஜெர்மனில்:
நாற்பத்தெட்டும் சேர்த்தி, மூன்று வருடம்.
"கையால் எழுதும் வழக்கம் இல்லையே."
"துவாய் தொலைந்தால் நாங்கள் கையால்தான் எழுதுவோம்."
முதலாளிக்குப் போன் போட்டார்.
இரண்டாவது காப்பி வந்தது, இந்தமுறை சீனி இல்லை.
மூன்று ஒன்றரையாகத் தேய்ந்தது.
கீழே ஸ்பிண்டனின் கையெழுத்து,
விழுந்த நூல் மாதிரி.

முதல் ஞாயிறு லூயெக் மேடு.
வனிலா மணக்கும் சட்டையோடு
பக்கத்து இருக்கையில் அவர் தூங்கி விழுந்தார்.
ஏற்றம் முழுக்கப் பச்சைக் கோடு மெலிந்தது.
உச்சி தாண்டிக் காலைத் தூக்கியதும்
ஒவ்வொரு கட்டமாக நிரம்பியது.
இறக்கத்தில்தான் ஏறுகிறது இது.
அதைச் சொல்ல எழுப்பினேன்.
"ம்" என்று கோட்டைப் பார்த்தார்,
பிறகு, நாலாம் நம்பர் அடுப்பு
மூன்று வாரமாக ஒருபக்கம் கருக்குது என்றார்.
நாலு அடுப்பு இருப்பதே எனக்குத் தெரியாது.

அஃபோல்டர்ன் சந்தியில் நாற்பது நிமிடம் முடிந்திருந்தது.
அவர் அடுப்புக் கதையில் பாதிதான் வந்திருந்தார்.
வீட்டுக்கு இடதுபக்கம். நேரே விட்டேன்.

புதன் காலை மறுபடி நாலு கிலோமீட்டர், பனி.
பதினோராம் பக்கம் முன்தட்டுப் பெட்டியில்,
பிளாஸ்டிக் உறைக்குள்.
இன்னும் பதினேழு மாதம்.