கச்சானில் எடுத்தது

ஏரிக்குப் போய் எதுக்குடி கேமரா
என்றான் செலஸ்டின்.
வாசலைத் திறந்தால் காசிமேடு,
ஆளைத் தூக்கும் அலை.
அதை விட்டுவிட்டு
டீ கிளாசில் ஸ்பூன் விட்ட மாதிரி
நெளிகிறதை எடுக்கிறாளாம்.

பதில் சொல்லவில்லை.
செங்குன்றம் போகும் முதல் பஸ்,
ஜன்னலோரம்.
மடியில் பை, பைக்குள் லென்ஸ்,
லென்சைச் சுற்றி
அண்ணனின் லுங்கியில் ஒரு துண்டு.

புழல் கரையில் தணிகாசலம்
விசிலோடு உட்கார்ந்திருந்தார்.
குளிக்கவா? இல்லை.
மீனுக்கா? இல்லை.
ரீல்சா? இல்லைங்க, அலை.
அவர் திரும்பி ஏரியைப் பார்த்தார்,
இருபது வருஷமாய்க் காவல் காத்த பொருளில்
ஏதோ ஒன்றைப் பதிவேட்டில்
எழுதாமல் விட்டவர் போல.
பிறகு, கல்லு வழுக்கும் என்றார்.
அவ்வளவுதான் அனுமதி.

நின்று பார்த்தால் அலையே இல்லை.
குந்திப் பார்த்தால் சுருக்கம்.
வயிற்றை ஈரக் கல்லில் அழுத்தி
தாடையைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கினால்
நான்கு விரல் உயரத்தில்
எழும்பி வருகிறது ஒரு மலைத்தொடர்.
கொளத்தூர் ஸ்டுடியோவில் பகல் முழுக்க
முகவாயைக் கொஞ்சம் இறக்குங்க,
காது ரெண்டும் தெரியணும்
என்கிறவள் நான்.
இங்கே முகவாய் என்னுடையது.

நொடியை ஆயிரமாய் நறுக்கினால் கண்ணாடிச் சில்லு.
முப்பதாய் நறுக்கினால் யாரோ உதறும் வேட்டி.
அரை நொடி திறந்து வைத்தால் வெறும் பால்.
எதுவும் பொய்யில்லை.
எதையும் நான் கண்ணால் பார்க்கவுமில்லை.

சட்டத்துக்குள் ஒரு நீர்க்காகம்
கழுத்தை நீட்டியது,
மூழ்கியது,
சட்டத்துக்கு வெளியே போய் எழுந்தது.
நூற்று எண்பது படம்.
நூற்று எழுபத்தாறு குப்பை.
மிச்சத்தில் ஒன்றில் லென்ஸ் மேல் துளி.

ஏரி வற்றிய கோடையிலும் வந்திருக்கிறேன்.
விரிசலுக்குள் ஒற்றைச் செருப்பு,
கரைக் கற்களில் கோடு கோடாய்
தண்ணீர் இறங்கிப் போன படிகள்.
அந்தப் படங்களை யாருக்கும் காட்டுவதில்லை.
அந்த வருஷம் எங்கள் தெருவில்
லாரிக்காக நின்ற குடங்களுக்குப் பின்னால்
நின்றது நாங்கள்.

இந்த ஒன்றைப் பெரிதாய்ப் பிரிண்ட் போட்டு
அரிசி டிரம் மேல் சாய்த்து வைத்தேன்.
வலையைப் போட்டுவிட்டு வந்த செலஸ்டின் நின்றான்.
எந்தக் கடலு, என்றான்.
எனக்குள் ஒரு சின்ன வெற்றி.
அது அடங்குவதற்குள் குனிந்துவிட்டான்.

இது கடல் இல்ல. நுரையைப் பாரு,
பொறந்ததும் செத்துடுது.
உப்பு இருந்தா கொஞ்ச நேரமாவது
வீம்பு புடிச்சு நிக்கும்.

படத்தைத் தொடாமல்
விரல் அதன் மேல் நகர்ந்தது.

கச்சான். ஆனி, இல்லன்னா ஆடி.
காலைல எடுத்திருக்க.
ரெண்டு மணிக்கு மேல
நம்ம காத்து அங்க போய்ச் சேந்துடும்,
மண்டையெல்லாம் அந்தாண்ட சாஞ்சிருக்கும்.

நம்ம காத்து என்றான்.
மதியம் கடலை விட்டுக் கிளம்பி
தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, மாதவரம் என்று
மொட்டைமாடித் துணிகளை அடித்துக்கொண்டே போய்
ஏரியைத் திருப்பிப் போடுகிற காற்று.
வெளிச்சம் கெட்டுவிட்டது என்று
நான் பையைக் கட்டுகிற நேரம் அது.
அந்தப் பக்கம் சாய்ந்த அலை
என்னிடம் ஒன்றுகூட இல்லை.

பதினொன்றரைக்குக் குழாய் இருமியது.
முதலில் காற்று, வெகுநேரம் காற்று.
படத்தை நனையாத இடத்தில் ஏற்றிவிட்டுக்
குடத்தை நீட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும்
அவனும் வருகிறானாம்.
ஏரித் தண்ணீரை நம்பக்கூடாதாம்,
ஆளைத் தாங்காதாம்.
பையைத் தூக்கிப் பார்த்தான், திறந்தான்,
லென்சை மெல்லப் பிரித்தான்,
கையில் மிஞ்சிய துணியை
விளக்கில் பிடித்துக் கட்டம் எண்ணினான்.

அடிப்பாவி, என்றான்,
நீதானா?