பதினொரு நிமிட அலை

உன் இரண்டாம் அத்தியாயம்
என் உறைபெட்டிதான் என்று தெரிந்த திங்கட்கிழமை
குவோப்பியோவில் ஒன்பது மணிக்கும் விடிந்திருக்கவில்லை.

கதவைத் தட்டினாய், சைமி.
கையில் ஒரு தாள். தாளில் ஒரு கோடு.
"வெள்ளி மாலை ஐந்தேகாலுக்கு
எதையாவது அணைத்தாயா, தாவெத்தி?"

மீன் ஒட்டுண்ணிகளோடு மாரடிப்பவன் நான்.
வருடத்துக்கு ஒருமுறை உறைபனி சுரண்டுவேன்.
மைனஸ் எண்பதில் கிடந்த சால்மன் செவுள்களை
இரவல் பெட்டிக்கு மாற்றிவிட்டு
அந்த வெள்ளிதான் பிளக்கை உருவியிருந்தேன்.
இல்லை என்று சொல்லியிருக்கலாம்.
சொல்ல வாயும் எடுத்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம்
யாரோ ஒருவரின் முன்கைத் தோல்
(கொடையாளர் பதினான்கு, அதற்குமேல் பெயரில்லை)
மாதக்கணக்கில் ஊட்டி வளர்த்ததில்
தான் தோல் என்பதை மறந்து,
எதுவுமாகாமல் கொஞ்ச நாள் இருந்து,
பிறகு இதயமாகி,
கிண்ணத்தின் அடியில் அரை அரிசி அகலத்தில்
தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது.
அதன் கீழே அறுபது மின்முனைகள்
ஒட்டுக் கேட்டபடி.

மூன்று வருடம் நீ இரைச்சலைப் புடைத்தாய்.
ஐம்பது ஹெர்ட்ஸ் மின்கம்பியின் முனகல்,
லிஃப்ட், தெருவில் பனி வாரும் வண்டி,
ஒருமுறை உன் இருமல்.
உமி பறக்கப் பறக்க
முறத்தில் தங்கியது ஒரு மெல்லிய அலை:
பதினொரு நிமிடத்துக்கு ஒருமுறை
எல்லாத் துடிப்புகளையும் தோளில் வைத்து
ஏறி இறங்கியது, தூங்குபவரின் மார்பு மாதிரி.
செல்கள் சேர்ந்து மூச்சு விடுகின்றன என்றாய்.
லிஸ்பனில் அந்தப் படத்தைப் போட்டபோது
கைபேசியில் மூழ்கியிருந்தவர்களும் நிமிர்ந்தார்களாம்.

என் கம்ப்ரெஸர் அது.

மூன்று முறை சோதித்தோம்.
செருகினால் மூச்சு.
உருவினால் இல்லை.
நான்காம் முறையும் செருகச் சொன்னாய்.
அது சோதனைக்காக அல்ல என்று
இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

அழுவாய் என்று நினைத்தேன்.
நீயோ என் ஸ்டூலில் உட்கார்ந்து
செவுள்கள் கெட்டுவிடாதா என்று விசாரித்தாய்.
ஒரு வாரம் யோசி என்றாராம் பேராசிரியர் மந்தேரே.
அன்று மாலையே லிஸ்பனுக்குக் கடிதம் போனது.
எழுபத்தோரு பக்கங்கள் போயின.

மே மாதம், பொது அரங்கு.
கல்லவேசி ஏரியில் பனிக்கட்டி உடைந்து முடிந்திருந்தது.
கறுப்பு அங்கியில் எதிர்வாதி, குரோனிங்கன்காரர்,
பக்கம் ஐம்பத்தெட்டைப் புரட்டி நிறுத்தினார்.
"இதயத்தைப் பற்றிய ஆய்வேட்டில்
உறைபெட்டிக்கு ஏன் ஒரு பத்தி?"
அவை சிரித்தது.
நீ தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாய்:
"இரண்டு வருடம் நான் கேட்டது அதைத்தான்."
சிரிப்பு பாதியில் நின்றது.

மிஞ்சியது சின்ன விஷயம். அழகும் இல்லை.
நாற்பது துடிப்புக்கு ஒன்று
வரலாமா வேண்டாமா என்று தயங்கி
வருகிறது, கொஞ்சம் பிந்தி.
எந்தப் பிளக்கை உருவினாலும் அது போகவில்லை.
அந்தத் தயக்கத்தோடுதான் கொடையாளர் பதினான்கு
எங்கேயோ மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறார்.

உன்னிடம் சொல்லாத ஒன்று.
இப்போதெல்லாம் எல்லோரும் போன பிறகு
வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறேன்.
முதலில் ஒரு கிளிக். பிறகு அடித்தொண்டையில் ஓர் உறுமல்,
அது அடங்க அடங்க அறையே இளகுகிறது.
கடிகாரம் வைத்துப் பார்த்தாயிற்று,
பதினொன்றேதான்.
என் காதுக்கும், சைமி,
அது மூச்சாகத்தான் கேட்கிறது.