இருபத்தொன்றுக்கு ஒன்பது

பெயரை முதலில் பார்த்தபோது சிரித்தேன்.
மாய்க்கெ.
மாய்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று
பெங்களூர் அரங்கில் ஒட்டிய தாளைக் காட்டி
கூட வந்த பிரிசில்லாவிடம் சொன்னேன்.
இருபத்தாறு நிமிடத்தில் மாய்த்தாள்.
இருபத்தொன்றுக்கு ஒன்பது.
இருபத்தொன்றுக்குப் பதினொன்று.

அந்த ஒன்பதும் எனக்கு மனப்பாடம்.
நான்கு, அவளாக வெளியே அடித்தவை.
இரண்டு, வலையில் இடறி
மனம் மாறி அவள் பக்கம் விழுந்தவை.
ஒன்று நடுவர் போட்ட பிச்சை.
மீதி இரண்டுதான் என்னுடையவை.
அதில் ஒன்றுக்கு
அவள் மட்டையால் தொடையில் மெல்லத் தட்டினாள்.
பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.
ஈயாகவும் இருக்கலாம்.

பிறகு விளையாட்டு ஒதுக்கீட்டில் மின்வாரிய வேலை.
போட்ட இடம் முப்பந்தல்.
இறகுப்பந்து ஆடுகிறவளைக்
காற்றுக்குக் கணக்கெழுத அனுப்பிய அதிகாரி
நகைச்சுவை தெரிந்தவர்.
ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி பிறந்துவிட்டால்
சேலை கட்டியவள் பஸ்ஸை விட்டு இறங்க
இரண்டு கை போதாது.

வந்த புதிதில்
துணைமின் நிலையத்தின் பின்னால் வலை கட்டினேன்.
முதல் சர்வீஸே வேலி தாண்டி
யாருடைய முருங்கையிலோ தொங்கியது.
ஃபோர்மேன் ஞானாபரணம் பீடியைக் கைக்குள் பொத்தியபடி சொன்னார்:
'பிள்ளே, இஞ்ச அடிக்கதுக்கு
எதிராளி வேண்டாம்.'

அதன் பிறகு
இரவுப் பணியில், மீட்டர் எண்களுக்கு நடுவே,
அவள் எண்களைத் தேட ஆரம்பித்தேன்.
உலக வரிசையில் நூற்றுப் பதினெட்டு.
அடுத்த ஆடியில் அறுபத்து நான்கு.
என் கல்யாணத்தன்று ஐம்பத்திரண்டு.
மகன் பிறந்து
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம்
நாற்பத்தொன்று.
அதற்கு மேல் ஏறவில்லை.

அவள் ஊரிலும் காற்றாலைகள் உண்டாம்.
ஆனால் மாய்க்கெ வாழ்ந்ததெல்லாம்
காற்றை வெளியே நிறுத்திய அறைகளில்.
ஓடென்ஸ், பாசல், யோக்யகர்த்தா:
முதல் சுற்று, இரண்டாம் சுற்று, விமான நிலையம்.
உதவித்தொகை நின்ற வருடம்
காலையில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை
மாலையில் பயிற்சி.
ஒலிம்பிக் பட்டியல் மூடியபோது
அவளுக்கு மேலே ஒரே ஒரு பெயர்.
அந்தப் பெயரை
சாமி கும்பிடுகிற வாயால் நாலு நாள் சபித்தேன்.

பிறகு வலது முழங்கால்.
ஒன்பது மாதம் எண்ணே இல்லை.
காற்று விழுந்த கார்த்திகையில்
எங்கள் இறக்கைகளும்
எதையோ மறந்தவை மாதிரி நின்றன.

மகனை ஒருநாள் குளச்சலுக்குக் கூட்டிப்போனேன்,
டச்சுக்காரர்கள் தோற்றதற்கு நட்ட தூணைக் காட்ட.
'நம்ம ஜெயிச்சோமாம்மா?' என்றான்.
'ஜெயிச்சோம்' என்றேன்.
ஒன்பது, பதினொன்று என்று
கடலில் ஏதோ சொன்னது.

போன மாசியில் நிறுத்திவிட்டாள்.
கடைசி ஆட்டம் ஒரு தகுதிச் சுற்று.
எதிரே பதினேழு வயதுச் சிறுமி.
பதினெட்டு, பத்தொன்பது:
என்னுடையதைவிட நல்ல தோல்வி.
வென்றவை இருநூற்றுப் பன்னிரண்டு என்று போட்டிருந்தார்கள்.
நான் இல்லாவிட்டால்
இருநூற்றுப் பதினொன்று.

நேற்று நள்ளிரவுக்குச் சற்று முன்
கணவாயில் காற்று சட்டென்று நின்றது.
ஆடியில் அப்படி நிற்காது.
லாக்கரைத் திறந்து மட்டையை எடுத்தேன்.
வலை இல்லை, கோடு இல்லை.
விளக்குக் கம்பத்துக்கு மேலே
உயரமாக ஒரு சர்வீஸ்.
இறகு நேராக ஏறியது
நேராக இறங்கியது
என் காலடியிலேயே.
குனிந்து எடுத்தேன். மறுபடியும்.
மறுபடியும்.

பதிவேட்டில் எழுதியது இவ்வளவுதான்:
23.40 முதல் 23.52 வரை
உற்பத்தி இல்லை.