பூச்சு வரை

முப்பத்தொரு பக்கக் குத்தகைப் பத்திரம்.
நூற்றுப் பதினெட்டை மோர்டனில் நிறுத்தி
அடுத்த ஓட்டத்துக்கு இருந்த பதினொரு நிமிடத்தில்
நாலு பக்கம் படித்தேன்.
வீடு என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.
வளாகம் என்றிருந்தது.
என் பெயர் வரவேண்டிய இடமெல்லாம்
குத்தகைக்காரர்.

டியூட்டிச் சீட்டின் பின்பக்கம் கேள்விகளை எழுதிக்கொண்டு
திங்கள் காலை சொலிசிட்டருக்குப் போன் எடுத்தேன்.

சுவர் யாருடையது?
பூச்சு வரை உங்களுடையது, என்றா மிஸிஸ் அடெயெமி.
பூச்சுக்குப் பின்னால் உள்ள செங்கல்
பெல்வார்த் எஸ்டேட்ஸுடையது.

யன்னல்?
கண்ணாடி உங்களுடையது. சட்டம் அவர்களுடையது.
தமிழில் சட்டத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு,
அதுவும் அவர்களுடையதுதான் போல
என்று சொல்ல வாயெடுத்து
அவவின் மணிக்கணக்குக் கட்டணம் நினைவு வந்து விட்டுவிட்டேன்.

நிலம்?
ஒரு பிடி மண்ணும் இல்லை.
நீங்கள் வாங்குவது முதலாம் மாடியில் ஒரு வெளி,
அதைச் சுற்றிப் பூச்சு.

கூரை ஒழுகினால்?
காற்பங்கு உங்கள் செலவு.
கூரை எங்களுக்கு மேலே இல்லையே,
மேல்வீட்டுக்காரருக்கு மேலே அல்லவா?
ஆம், என்றா. காற்பங்கு.

எண்பத்து நாலு வருடம் மிச்சம்.
எண்பதுக்குக் கீழே இறங்க விடாதீர்கள்,
பிறகு நீட்டிக்கிற விலை ஏறும்.
டீசல் முள்ளைப் பார்ப்பதுபோல்
அன்றிலிருந்து அந்த எண்ணைப் பார்க்கிறேன்.
இழையினிக்கு இப்போது ஆறு வயது.
கூட்டிப் பார்த்தேன். தொண்ணூறு.
தொண்ணூறு வயதில் பிள்ளை சாமான் கட்டவேணுமோ?

யோகதாசனுக்கு ஃப்ரீஹோல்ட்தான் வேண்டும்.
லூட்டனில் அதே விலைக்கு ஒன்று.
பத்திரத்தில் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் ஆண்டு நிபந்தனை:
பன்றி வளர்க்கக்கூடாது,
மெழுகுதிரி காய்ச்சக்கூடாது.
பின்னறை பக்கத்து வீட்டு ஒழுங்கைக்கு மேல் நீண்டிருந்தது,
கீழே அவர்களின் குப்பைவாளிகள்.
இதைப் பறக்கிற ஃப்ரீஹோல்ட் என்பார்கள், என்றான் ஏஜென்ட்.
பறந்தாலும் பரவாயில்லை என்றார் இவர்.
எனக்கு முதல் பஸ் நாலு இருபதுக்கு.
லூட்டனிலிருந்து அந்நேரம் மெர்ட்டனுக்கு
யார் என்னைப் பறக்கவிடுவார்?

சண்டை மூன்று நாள்.
மூன்றாம் நாள் இரவு இவர் அலுமாரியைத் திறந்து
பொலித்தீன் பைக்குள் இருந்த வசாவிளான் உறுதியை எடுத்தார்.
சூரிய சந்திரர் உள்ளவரை
பிள்ளைப் பரம்பரையாய் ஆண்டனுபவிக்கக் கடவது
என்று உரத்து வாசித்தார், எனக்குக் கேட்கவேணும் என்று.
வாசித்தபின் ஒன்றும் பேசவில்லை.
முப்பது வருடத்துக்கு மேல்
அந்தக் காணி முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம்.
சூரியனும் சந்திரனும் தவறாமல் போய்வந்தன.
எங்களுக்குத்தான் அனுமதி இல்லை.

சரி, எண்பத்து நாலு, என்றார்.
அவ்வளவுதான். தேத்தண்ணி போட்டேன்.

கையெழுத்துக்குச் சாட்சி வேண்டும், உறவினர் கூடாது என்றார்கள்.
டிப்போ கன்ட்ரோலர் ஷாரன்
சாண்ட்விச்சை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையெழுத்திட்டா.
கடதாசியில் கொஞ்சம் மயோனைஸ் பட்டுவிட்டது.
செல்லும், என்றா மிஸிஸ் அடெயெமி.

சாவி கிடைத்த அன்று
இழையினி ஒரு நாட்காட்டியோடு வந்து நின்றாள்.
ஆணி ஒன்றரை அங்குலம்.
பூச்சு, தட்டிப் பார்த்தால், அரை அங்குலம் இருக்கும்.
சுத்தியலோடு யோசித்துக்கொண்டு நின்றேன்,
டிரில் வேணுமோ என்று மேல்வீட்டுக்காரர் வந்து கேட்கும்வரை.

அடித்தேன்.
தலை என்னுடையது. முனை பெல்வார்த் எஸ்டேட்ஸுடையது.
நாட்காட்டி கொஞ்சம் சரிவாகத் தொங்குகிறது.
மார்ச் இருபத்தைந்தைச் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறாள் பிள்ளை,
தன் பிறந்தநாள் என்று.
நிலவாடகை கட்டுகிற நாளும் அதுதான்.
அவளுக்கு நான் சொல்லவில்லை.